கேட்கக் கூடியதும் கேட்கத் தக்கதும்

சென்னைக்கு வானொலியைக் கொண்டுவந்தவர்கள் ஆர்வலர்கள். 1924ஆம் ஆண்டு சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரும் அவருடைய நண்பர்களும் மதராஸ் மாகாண வானொலிக் கழகத்தைத் தொடங்கி ஒலிபரப்பினார்கள். பொருள் நெருக்கடியால் 1927இல் அது நின்றபோது கருவியை மாநகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் பிறந்தது 1938இல்தான். வீட்டு மேசையில் வானொலி செய்து பார்க்கும் அந்த மரபின் கடைசி வரிசையில், 2012இல், திருவொற்றியூரில் எனக்கும் ஓர் இடம் கிடைத்தது. அப்போது நான் பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு மாணவன்.

நான் செய்தது மென்பொருள் வானொலி. பழைய வானொலியில் அலைவரிசையைப் பிரித்தெடுத்து ஒலியாக்கும் வேலையைச் சுருள்களும் மின்தேக்கிகளும் செய்யும். இதில் அவ்வேலையின் பெரும்பகுதி கணினியினுடையது. நாம் செய்ய வேண்டியது ஒரு சிறிய முகப்புச் சுற்று மட்டுமே. பழைய கணினியின் விஜிஏ அட்டை ஒன்றிலிருந்து 28.322 மெகாஹெர்ட்ஸ் ஆஸிலேட்டரைக் கழற்றினேன். அதை நான்கால் வகுத்தால் 7.0805 மெகாஹெர்ட்ஸ் கிடைக்கும். அது அமெச்சூர் வானொலியினர் உரையாடும் நாற்பது மீட்டர் அலைவரிசைக்குள் விழுகிறது. மற்ற உதிரிகளை ரிச்சி தெருவில் வாங்கினேன். ஆன்டெனாவிலிருந்து வரும் அலையை ஒரு மின்னணுச் சுவிட்சு, அலையின் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு முறை மாறி மாறித் தொட்டு, கால் சுற்று இடைவெளியுள்ள இரண்டு சமிக்ஞைகளாகப் பிரிக்கும். ஒன்று சவுண்டு கார்டின் இடப்பக்கத்துக்கும் மற்றது வலப்பக்கத்துக்கும் போகும். நொடிக்கு 48,000 முறை அளவெடுக்கும் கார்டு, நடுப்புள்ளிக்கு மேலும் கீழுமாக 24 கிலோஹெர்ட்ஸ் அகலத்தைக் கணினிக்குத் தந்துவிடும்.

ஆன்டெனாவுக்கு இருபது மீட்டர் கம்பி தேவைப்பட்டது. எங்கள் மொட்டை மாடி அவ்வளவு நீளமில்லை. அடுத்த வீட்டாரிடம் அனுமதி கேட்டு, மறுமுனையை அவர்கள் கைப்பிடிச் சுவரில் கட்டினேன். கடற்காற்றில் செம்பு இணைப்புகள் பச்சை பூத்துவிடும். மாதம் ஒருமுறை சுரண்டிப் பற்றவைக்க வேண்டும்.

எங்கள் பகுதியின் பெரும் இடையூறு மின்னிரைச்சல். வெல்டிங் பட்டறைகள், குழல்விளக்குச் சோக்குகள், மலிவான சார்ஜர்கள் எல்லாம் சேர்ந்து திரையை வெண்மூட்டமாக்கிவிடும். அந்நாளில் மின்வெட்டு அன்றாடம் உண்டு. தெருவே சலித்துக்கொள்ளும் அந்த நேரம்தான் எனக்கு வாய்ப்பு. மடிக்கணினி பேட்டரியில் ஓடும், மூட்டம் விலகும், கருந்திரையில் மெல்லிய கோடுகள் தோன்றும். ஒவ்வொரு கோடும் ஒரு மனிதரின் குரல். ஒன்றைச் சொடுக்கினால் அது கேட்கும். எல்லாவற்றையும் சேர்த்துப் பதிவுசெய்து, பிறகு ஒவ்வொன்றாகவும் கேட்கலாம்.

உறவில் மாமா முறையுள்ள ஒருவர் ஒருநாள் வந்து, வெகுநேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கும் வேறொரு குடும்பத்துக்கும் சொத்துத் தகராறு நடந்துகொண்டிருந்தது. "இதுல அவங்க வீட்டு கார்டுலெஸ் போன் கேக்குமா?" என்றார். கேட்காது. என் கருவியின் எல்லை 7 மெகாஹெர்ட்ஸைச் சுற்றிய ஒரு சிறு துண்டு. "முடியாது மாமா" என்றேன். அது உண்மை, உரையாடலும் அத்தோடு முடிந்தது.

அவர் சென்ற பிறகு என் வாப்பா சொன்னார்: "முடியாதுன்னு சொன்னா, முடியிற கருவி வந்ததும் திரும்பக் கேப்பாரு. செய்யமாட்டேன்னு சொல்லு வாப்பா."

துறைமுகச் சரக்குகளோடு வாழ்நாளைக் கழித்தவர் அவர், மின்னணுவியல் அறியாதவர். ஆயினும் முடிகிற கருவி அவ்வாண்டே வந்துவிட்டது. தொலைக்காட்சி பார்க்கச் செய்யப்பட்ட மலிவான யுஎஸ்பி குச்சியொன்றை மென்பொருள் வானொலியாகப் பயன்படுத்தலாம் என்பது 2012இல் உலகெங்கும் பரவியது. ஏறத்தாழ 24 முதல் 1,700 மெகாஹெர்ட்ஸ் வரை அது ஏற்கும்.

"அலை என் வீட்டுக்குள் தானாக வருகிறது, நான் எங்கும் நுழையவில்லையே" என்று வாதிடலாம். அடுத்த வீட்டுச் சன்னல் வழியே வரும் பேச்சும் நம் முற்றத்தில்தான் விழுகிறது. அதற்காகச் சுவரருகே நின்று காதைத் தீட்டுவது நியாயமாகிவிடாது. பிறர் வீட்டில் நுழையுமுன் அனுமதி பெறச் சொல்லும் குர்ஆன் (24:27), பிறரைத் துருவி ஆராய்வதையும் புறம்பேசுவதையும் ஒரே வசனத்தில் தடுக்கிறது (49:12). துருவிக் கேட்டது பெரும்பாலும் புறமாகத்தான் வெளிவரும்.

வாப்பாவின் சொல்லுக்குப் பிறகு, ஒரு குரலைச் சொடுக்குமுன் நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றே: இப்பேச்சு யாருக்காகச் சொல்லப்பட்டது? அமெச்சூர் வானொலியினர் தேர்வெழுதி உரிமம் பெற்று, தம் அழைப்புக் குறியைச் சொல்லி, சங்கேதமின்றி வெளிப்படையாகப் பேசுபவர்கள். கேட்பவர் எவரானாலும் மகிழ்பவர்கள். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை அந்தமானைத் தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேருக்குச் சென்றிருந்த குழு, சிற்றலை வழியே செய்திகளைப் பெருநிலத்துக்கு அனுப்பியது. அத்தகைய குரலை யாரேனும் கேட்டாக வேண்டும். எண்ணூருக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள் 162 மெகாஹெர்ட்ஸை ஒட்டித் தம் இருப்பிடத்தை அறிவிப்பதும் மற்றவர் அறிந்து மோதாமல் இருப்பதற்கே. தனியொருவருக்கென்று சொல்லப்பட்டது அப்படியல்ல, அது அமானிதம்.

இன்று பிள்ளைகள் கையில் இதைவிட வலிய கருவிகள் உள்ளன. பிறர் உரையாடலைப் படமெடுத்துப் பரப்ப ஒரு விரல் போதும். ஆர்வமுள்ள பிள்ளையிடமிருந்து பற்றுக்கோலைப் பிடுங்காதீர்கள்; செய்யட்டும், கற்கட்டும். யாரேனும் தகாததைக் கேட்டு வந்தால், "தெரியாது", "முடியாது" என்று நழுவாமல், "செய்யமாட்டேன்" என்று மரியாதையோடு சொல்லவும் அதே மேசையிலேயே பழக்குங்கள்.