ஒரு கீறல்கூட இல்லை

கொல்லிமலைக்கு என்றதும், புதுக்கோட்டையில் நான் வாடகைக்குக் கார் எடுக்கப்போன கடைக்காரர் சாவியை நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். "மலை ரோடு மேடம். 70 கொண்டை ஊசி வளைவு. கூட யாரு ஓட்டுறது?"

எனக்கு முன்னால் நின்ற இளைஞன் கொடைக்கானல் போகிறான். அவனிடம் லைசென்ஸை மட்டும்தான் பார்த்தார்.

மலைச்சாலைகளுக்கு விதிகள் உண்டு. ஊட்டியிலிருந்து கல்லட்டி வழியாக மசினகுடிக்கு வெளியூர் வண்டிகளை இறங்க விடுவதில்லை. 36 வளைவுகள், கடுஞ்சரிவு. பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடேறிப் பிடிக்காமல் போகும். அந்தத் தடையை மதிக்கிறேன். அது ஓட்டுவது ஆணா பெண்ணா என்று கேட்பதில்லை.

அருகில் நின்ற அம்மா சிரித்தாள். கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அறிவொளி இயக்கத்தில் சைக்கிள் பழகியவள். "வாடகை சைக்கிள் கடையிலயும் அன்னைக்கு இதத்தான் கேட்டாக தம்பி. விழுந்தா யாரு பொறுப்புன்னு. விழுந்தேன். எந்திரிச்சு ஓட்டுனேன்."

சாவி வந்தது.

பாதி மலையில் எதிரே பேருந்து. கை நடுங்கியது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது மலைச்சாலை விதி. பேருந்து நின்றது. முதல் கியரில் கடந்தேன்.

திரும்பியதும் கடைக்காரர் காரைச் சுற்றிவந்தார். "பரவாயில்லையே மேடம், ஒரு கீறல்கூட இல்லை!"

பாராட்டுதான். ஆனாலும் உறுத்தியது. கீறல் விழுந்திருந்தால், அடுத்து வரும் பெண்ணுக்குச் சாவி கிடைத்திருக்குமா?