உண்டியலா, சந்தாவா?

முதுமையில் அரசாங்கம் தரும் ஓய்வூதியம் என்பது, நாம் செலுத்திய பணத்தை நமக்கென்று ஓர் உண்டியலில் பூட்டி வைத்துத் திருப்பித் தருவது என்றே பலரும் எண்ணுகின்றனர். பிரிட்டனில் இவ்வெண்ணம் ஆழமாக வேரூன்றியுள்ளது. தேசியக் காப்பீட்டுக்காக ஊதியத்தில் பிடிக்கப்படும் தொகை தம் பெயரில் சேர்ந்துகொண்டே இருப்பதாகப் பலர் நம்புகின்றனர்.

உண்மை அதுவன்று. நம் மஹல்லா சந்தாவை எண்ணிப் பாருங்கள். இம்மாதம் வசூலாவதிலிருந்துதான் இம்மாதம் இமாமுக்கும் மோதினாருக்கும் சம்பளம் போகிறது. (இதை எழுதும் மதரஸா ஆசிரியனின் சம்பளமும் அப்படித்தான்!) சந்தா தருவோர் வெளியூர் போய்விட்டால் நிர்வாகிகள் படும் பாட்டை நாம் அறிவோம். அங்கும் இன்று உழைப்போரின் சந்தாவே இன்றைய முதியோரின் ஓய்வூதியம். உழைத்த ஆண்டுகள் உரிமையைக் கணக்கிட உதவுமே தவிர, பணமாகச் சேர்ந்திருப்பதில்லை. 2016இல் வந்த புதிய முறையில் முழுத் தொகை பெறப் பொதுவாக 35 ஆண்டுகள் வேண்டும். 10 ஆண்டுகளுக்குக் குறைந்தால் பெரும்பாலும் ஒன்றும் கிடையாது. முதியோர் பெருகி உழைப்போர் விகிதம் குறையும்போது கணக்கு இடிக்கிறது. ஓய்வூதிய வயதை உயர்த்துகிறார்கள்.

அதைக் குறை கூற நான் வரவில்லை. 1908ஆம் ஆண்டுச் சட்டம் 70 வயதானோருக்கே வாரம் 5 ஷில்லிங் வரை தந்தது. என் மனத்தை உறுத்துவது, உயர்வை மக்களுக்குச் சொன்ன விதம். பெண்களின் ஓய்வூதிய வயதை 60இலிருந்து 65 ஆக்கும் சட்டம் 1995இல் நிறைவேறியது. உரியவர்களுக்குத் தனித்தனியே கடிதம் எழுதத் தொடங்கியதோ 2009இல்! 2011இல் வந்த இன்னொரு சட்டம் அவ்வுயர்வை விரைவுபடுத்தியது. அறுபதில் பணம் வருமென்று நம்பி வேலையை விட்ட பெண்களும் உண்டு.

2024 மார்ச்சில் நாடாளுமன்றக் குறைதீர் அதிகாரி அவர்களுக்கு இழப்பீடு வழங்கப் பரிந்துரைத்தார். டிசம்பரில் அரசு, கடிதம் தாமதமானதற்கு மன்னிப்புக் கேட்டது, இழப்பீட்டை மறுத்தது. பெரும்பாலான பெண்கள் மாற்றத்தை அறிந்தே இருந்தனர் என்பது அதன் வாதம். வயது உயர்கிறதென்று செவிவழி அறிவது வேறு. 'எனக்கு எந்த மாதம்' என்று அறிவது வேறு. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்குமாறு பணிக்கப்பட்ட நமக்கு இவ்வேறுபாடு விளங்காமற்போகாது.

2026க்கும் 2028க்கும் இடையே அங்கு ஆண், பெண் இருபாலருக்கும் வயது 66இலிருந்து 67 ஆகிறது. உங்கள் உறவினர் எவரேனும் அங்கு உழைத்து வந்தால், தம் கணக்கில் எத்தனை ஆண்டுகள் பதிவாகியுள்ளன என்று கேட்டறியச் சொல்லுங்கள். கடந்த 6 ஆண்டுகளுக்குள் விடுபட்டவற்றை, பொதுவாக, சந்தா செலுத்தி நிரப்பிக்கொள்ளலாம்.