உண்டியல் சில்லறையும் அமானத்தும்

திருக்கனூரில் ஜும்ஆ உண்டியல் சில்லறையை எண்ணும் பொறுப்பு எம் மத்ரஸா மாணவர்களுடையது. அவர்கள் ஒவ்வொரு காசையும் திருப்பிப் பார்த்தே அடுக்குவர். ஆண்டின் கீழ் வைரக்குறி இருப்பின் மும்பை, நட்சத்திரமாயின் ஹைதராபாத், புள்ளியாயின் நொய்டா, குறியே இல்லையேல் கொல்கத்தா என நாணயச்சாலையைச் சொல்லிவிடுவர்.

ஒருமுறை, 1995இல் தஞ்சாவூரில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டின் நினைவாக வெளியான, திருவள்ளுவர் உருவம் பொறித்த ஐந்து ரூபாய் நாணயம் கிடைத்தது.

"ஹஜ்ரத், வேறு ஐந்து ரூபாயைப் போட்டுவிட்டு இதை எடுத்துக்கொள்ளட்டுமா?" என்று ஒரு மாணவர் வினவினார்.

ஒரே வகைப் பணத்தைச் சமமாக, கைக்குக் கை மாற்ற வேண்டும் என்று ரிபா பாடத்தில் நாமே கற்பிக்கிறோம். ஐந்துக்கு ஐந்து என்பதில் அந்தக் குறை இல்லை. ஆயினும் இங்கே அமானத்தும் உண்டு. எண்ணுபவர் காவலரே அன்றி உரிமையாளர் அல்லர். சேகரிப்போர் கூடுதல் விலை தரக்கூடும் என்பதை அறிந்தவர், அறியாதவரின் பொருளை முகமதிப்புக்கு எடுத்துக்கொள்வது நீதியாகாது. அந்தக் கூடுதலும் பள்ளிவாசலுக்கே உரியது.

வங்கியில் நோட்டைக் கொடுத்து வாங்கிய சில்லறையில் தேடுவது வேறு. அது நம் உடைமை. ஆசையுள்ள மாணவர்களுக்கு அவ்வழியையே காட்டினோம்.

அக்காசை முத்தவல்லியிடம் விவரம் கூறி ஒப்படைக்கச் செய்தோம். இப்போது அரிய காசு தென்பட்டால், மாணவர்கள் தனித்தாளில் குறித்து, தனி உறையிலிட்டுக் கொடுக்கிறார்கள். நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் பொருள் உண்டல்லவா? அதை எண்ணும் கைகளுக்கு அல்லாஹ் அருள்வானாக.