புரையேறினால் யாரும் நினைப்பதில்லை

சாப்பிடும்போது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, "யாரோ நினைக்கிறாங்க" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். இப்போது எங்களால் அதைச் சிரித்தபடி சொல்ல முடிவதில்லை.

எங்கள் பகுதியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருந்த அக்கா ஒருவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சு குழறியது. ஐந்தாம் நாள் மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது, "நீர் ஆகாரமா கொடுங்க" என்றார்கள். அவ்வளவுதான். விழுங்க முடிகிறதா என்று யாரும் சோதிக்கவில்லை. கூடவே இருந்த நாங்களும் கை, கால் எப்போது வரும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

மகள் படுக்கவைத்தபடியே டம்ளரில் கஞ்சித் தண்ணீர் கொடுத்தாள். லேசாகப் புரையேறியது. மூன்றாம் நாள் காய்ச்சல், மூச்சிரைப்பு. கஞ்சி நுரையீரலுக்குள் போய் நிமோனியா ஆகியிருந்தது. திரும்பச் சேர்த்தபோது, "இந்த ஜனங்களுக்குச் சொன்னாப் புரியாது" என்றார் ஒருவர். அந்த மகள் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு படிக்கிறவள். சொன்னால் புரிந்திருக்கும். யாரும் சொல்லவில்லை.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு முதல் நாட்களில் விழுங்குவதில் சிரமம் இருக்கும். தண்ணீர், டீ, மோர் எல்லாம் தொண்டையில் வேகமாக ஓடுவதால் பலருக்கும் அவைதான் ஆபத்து. தொண்டை உணர்வு மரத்தவர்களுக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கிவிடும். விழுங்கியபின் குரல் ஈரமாகக் களகளவென்று மாறினால் அது எச்சரிக்கை. இதைச் சோதித்துப் பயிற்சி கொடுப்பவர் பேச்சுப் பயிற்சியாளர் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரிந்தது.

அக்காவுக்கு மூக்கு வழியாகக் குழாய் போட்டார்கள். மூன்று வாரம் கழித்து அதை எடுத்தபோது ஒரு உணவுப் பட்டியல் கொடுத்தார்கள். பாதாம், பழச்சாறு, புரோட்டீன் பவுடர். அந்த டப்பா அக்காவின் இரண்டு நாள் கூலி. "நம்ம வீட்டுக் கறி கொடுக்கலாமான்னு கேளுங்க" என்று மகள் எங்கள் காதில் சொன்னாள். நாங்கள் பயிற்சியாளரிடம், "நான்வெஜ் கொடுக்கலாமா?" என்று மழுப்பினோம். மேடையில் உணவுரிமை பேசுகிற வாய் வார்டில் அடங்கிப்போனது.

"என்ன கறி?" என்றார் அவர்.

"மாட்டுக்கறி மேடம்" என்றாள் மகள்.

"தாராளமா கொடும்மா. புரதம், இரும்புச்சத்து ரெண்டும் இருக்கு. உப்பைக் குறைச்சு, நல்லா வேகவெச்சு, நார் இல்லாம கூழா அரைச்சிடு. நேரா உட்காரவெச்சு சின்ன ஸ்பூன்ல கொடு. ஒரு வாய் இறங்கினப்புறம் அடுத்த வாய். அரை மணி நேரம் படுக்க விடாதே. வாயைச் சுத்தமா வெச்சிரு."

உடம்பு தேற உணவு வேண்டும். பயந்துகொண்டு பட்டினி போட்டாலும் தசை கரையும், புண் ஆறாது. அக்கா இப்போது குழைந்த சோறு சாப்பிடுகிறார். வேலை போய்விட்டது. மகள் ஒரு செமஸ்டரை இழந்தாள்.

தோழர்களே, நம் தெருவில் யாருக்காவது வாதம் வந்தால் வண்டி பிடிப்பதோடு நம் வேலை முடிவதில்லை. முதல் வாய் தண்ணீருக்கு முன்னால், "விழுங்கும் சோதனை செய்தீர்களா?" என்று கேளுங்கள். நம் அடுப்பில் வேகிறதையும் பெயர் சொல்லியே கேளுங்கள்.