கணக்கும் கையொப்பமும்

உத்தியோக வாழ்வின் முதற்படியில் நிற்கும் இளைஞன் ஒருவன், பட்டயக் கணக்காளர் பரீட்சைகளுக்கு இப்போதே முற்படுவதா, சில காலம் பொறுத்திருப்பதா, அன்றி அந்த எண்ணத்தையே விட்டுவிடுவதா என்று தயங்குவது அவனுடைய சொந்த விவகாரம் என்றே பலரும் கருதுவர். சம்பளம் எவ்வளவு உயரும், பரீட்சை எத்தனை ஆண்டுகளை விழுங்கும், சமூகத்தில் மதிப்பு எவ்வளவு கூடும் என்ற மூன்று கேள்விகளுடன் விசாரணை முடிந்துவிடுகிறது. பரந்தனில் இருந்துகொண்டு இத்தயக்கத்தை எதிர்நோக்க நேர்ந்தபோது, அம்மூன்று கேள்விகளும் போதா என்பதை நாம் உணர்ந்தோம். நான்காவது கேள்வி ஒன்றும் உண்டு. நாம் கற்கப்போகும் கணக்கு யாருடைய கணக்கு?

நாம் இங்கே சிறியதொரு கடனுதவுச் சங்கத்தின் கணக்குகளை எழுதிவருகின்றோம். காசேடு, பேரேடு, அங்கத்தவர் சேமிப்பு, கடன் நிலுவை, ஆண்டிறுதியில் ஐந்தொகை ஆகியனவே எமது அன்றாட உலகம். உயர்தரத்திலே வர்த்தகப் பிரிவிற் கணக்கீடு பயின்ற எவருக்கும் இவ்வேலை கைகூடும். ஆனால் இதற்கு மேலே ஒரு படி ஏற வேண்டுமாயின் வழி நீளமானது. இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பரீட்சைகளைப் படிப்படியாகத் தாண்ட வேண்டும். அத்துடன் அங்கீகாரம் பெற்ற நிலையம் ஒன்றில் மூன்றாண்டுகள் பயிற்சி பெறவும் வேண்டும். அத்தகைய நிலையங்கள் கொழும்பைச் சுற்றியே குவிந்துள்ளன. மேல்நிலைப் பரீட்சைகளிலோ ஆங்கிலமே ஆட்சி செலுத்துகின்றது. பயிற்சிக் காலத்திற் கிடைக்கும் படிப்பணம் கொழும்பில் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்குமே பற்றாது. வீட்டிலே அம்மாவுக்கு இருப்பது சிறு துண்டு வயல். காலபோகம் மழையை நம்பியது. சிறுபோகத்துக்கு இரணைமடு நீர் எல்லா வயல்களுக்கும் எல்லா ஆண்டுகளிலும் கிட்டுவதில்லை. எனவே, படிக்கப் போவது என்பது எமது மூன்றாண்டுகளை மட்டுமன்றி, அம்மாவின் மூன்று சிறுபோகங்களையும் பணயம் வைப்பதாகும்.

ஊரில் ஆலோசனைக்குக் குறைவில்லை. எமது சங்கத்தில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் சொன்னார்: "தம்பி, படிக்கிறதெண்டால் இப்பவே படியும். கலியாணமும் பிள்ளையும் எண்டு வந்தாப் பிறகு புத்தகம் தூக்கேலாது. முடிச்சுப்போட்டு அவுஸ்திரேலியாவோ கனடாவோ போய்ச் சேரும்." அம்மாவின் கருத்து வேறு. "அரசாங்கத்திலை கணக்காளர் சேவைச் சோதினையை எடு ராசா. பென்சன் இருக்கு. ஊரோடை இருக்கலாம்." இரண்டு வாதங்களிலும் உண்மை உண்டு. 2022 ஏப்ரலில் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியதன் பின்னர், தொழிற்றகைமை உடையோர் பெருந்தொகையாக நாட்டை விட்டு வெளியேறியதை நாம் கண்டோம். அவர்களை நோக்கி விரல் நீட்ட எமக்கு மனமில்லை. எனினும், பொதுமக்கள் பணத்திற் கட்டப்பட்ட பள்ளிக்கூடத்திலே கற்ற கல்வி, வெறும் விமானச் சீட்டாக முடிந்துவிடுவதுதானா என்ற வினா எம்மை விட்டபாடில்லை.

பட்டயம் என்ற சொல்லின் வரலாறே சிந்தனைக்குரியது. பிரித்தானிய முடியின் அரச பட்டயத்தைப் பெற்ற முதற் கணக்காளர் சங்கம் 1854இல் எடின்பரோவில் எழுந்தது. இங்கிலாந்து, வேல்ஸ் கணக்காளர் நிறுவகம் 1880இற் பட்டயம் பெற்றது. புகையிரதப் பாதை, வங்கி, கூட்டுப் பங்குக் கம்பனி என முதலாளித்துவம் விரிந்த காலம் அது. தன் பணத்தைத் தூர தேசத்தில் இட்ட முதலாளிக்கு, அப்பணத்தைக் கையாளுபவன் பொய் சொல்லவில்லை என்று சான்று கூற ஒருவன் தேவைப்பட்டான். அவனே கணக்காய்வாளன். இலங்கையின் தேயிலைத் தோட்டங்களிலும் இலாபம் எண்ணப்பட்டது. கொழுந்து பறித்த கையின் வறுமை எந்த ஐந்தொகையிலும் பதியப்படவில்லை. சுதந்திரத்தின் பின், 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் இந்நாட்டிற்கெனப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் அமைக்கப்பட்டது. நிறுவகம் எமதாயிற்று. ஆயினும் அக்கலை யாருக்குப் பயன்பட வேண்டும் என்ற கேள்வியைச் சட்டம் தீர்த்துவைத்துவிட முடியாது.

பரந்தனுக்கு ஐந்தொகை புதிய பொருளன்று. 1950களில் இங்கே அரசினால் இரசாயனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது. அருகிலுள்ள ஆனையிறவின் உப்பு மூலப்பொருளாயிற்று. அதிலிருந்து கோஸ்ரிக் சோடாவும் குளோரினும் உற்பத்தியாயின. வயலை மட்டுமே அறிந்திருந்த ஊரிற் சங்கொலியும் முறைவேலையும் மாதச் சம்பளமும் புகுந்தன. 1980களின் நடுப்பகுதியிற் போர் அதனை நிறுத்திற்று. சிதைந்த கட்டடங்களும் துருவேறிய இரும்பும் நெடுங்காலம் எஞ்சி நின்றன. கணக்கியலின்படி, பயன்படாத இயந்திரத்தின் பெறுமதி ஏட்டிலே ஆண்டுக்காண்டு தேய்ந்து ஒருநாட் பூச்சியமாகும். ஆனால் அத்தொழிற்சாலையை நம்பியிருந்த குடும்பங்களின் இழப்பை எந்த நிரலிற் பதிவது? கணக்கு என்பது எண்களால் எழுதப்படுவது. எவற்றை எண்ணுவது, எவற்றை எண்ணாது விடுவது என்பதோ மனிதர் எடுக்கும் முடிவு. இந்தப் பாடம் எந்தப் பரீட்சைக்கும் முன்னரே எமது ஊர் எமக்குக் கற்பித்தது.

இரண்டாவது பாடம் போரின் பின் வந்தது. 2009 ஜனவரி முதலாந் தேதி பரந்தன் இராணுவத்தின் வசமாயிற்று. அதற்கு முன்னரே மக்கள் தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு எனக் கிழக்கே ஓடிவிட்டனர். முகாம்களில் இருந்து மீண்டு வந்தவர்களிடம் கூரையும் இல்லை, மாடும் இல்லை, விதைநெல்லும் இல்லை. அந்த வெறுமையை நோக்கி நுண்கடன் கம்பனிகள் மோட்டார் சைக்கிள்களில் வந்தன. பிணையாகக் காணியோ நகையோ கேட்கப்படவில்லை. பெண்களைக் குழுக்களாக்கி, ஒருத்திக்கு மற்றவளைப் பிணையாக்கினர். கிழமைக்குக் கிழமை தவணை. ஒரு கடனைக் கட்ட மறு கடன்.

எமது சங்கத்துக்கு வந்த தாய் ஒருவர் கடன் அட்டையை நீட்டி, "தம்பி, இதிலை வட்டி நூற்றுக்கு இருபத்திநாலு எண்டுதான் சொன்னவை. கட்டக் கட்ட முடியுதில்லை. ஒருக்காப் பார்த்துச் சொல்லும்" என்றார். கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஐம்பதினாயிரம் ரூபா கடன். ஆண்டுக்கு 24 வீத நிலை வட்டி. பன்னிரண்டு மாதத் தவணை. வட்டி 12,000 ரூபா. மொத்தம் 62,000 ரூபாவைப் பன்னிரண்டாற் பிரித்தால் மாதம் 5,167 ரூபா. பார்வைக்கு நேர்மையான கணக்கு. ஆனால் கடனாளியிடம் ஐம்பதினாயிரம் ரூபா ஆண்டு முழுவதும் இருக்கவில்லை. முதல் மாதத்திலிருந்தே அது குறைந்துகொண்டு வருகின்றது. சராசரியாக அவர் கையில் இருந்தது ஏறத்தாழப் பாதித் தொகையே. வட்டியோ முழுத் தொகைக்கும் அறவிடப்படுகின்றது. குறைந்து செல்லும் மீதியின் மேற் கணித்தால் உண்மை வட்டி ஆண்டுக்கு 40 வீதத்தைத் தாண்டும். இங்கே பொய்க் கணக்கு எதுவும் எழுதப்படவில்லை. கேட்கத் தெரியாதவருக்குச் சொல்லப்படாமல் விடப்பட்டது, அவ்வளவே. பெண்கள் வீதிக்கு இறங்கிக் குரல் கொடுத்தனர். 2018இல், வரட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்கள் பெற்ற ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் வழங்க அரசாங்கம் முன்வந்தது. அது போராட்டத்தின் பெறுபேறு. ஆனால் போராடியவர்களின் பக்கத்தில் அமர்ந்து அந்தக் கடன் அட்டைகளை வாசித்துக்காட்டக்கூடிய கணக்காளர் எத்தனை பேர் இருந்தனர்?

இவ்விடத்தே ஒரு நியாயமான மறுப்பு எழலாம். மேற்கண்ட கணக்கைப் போடப் பட்டயம் எதற்கு? உயர்தர மாணவனே போட்டுவிடுவானே? உண்மைதான். கணக்கைப் போடப் பட்டயம் வேண்டியதில்லை; கணக்கை ஏற்கச் செய்யவே அது வேண்டும். கம்பனியின் முன்னும், வங்கியின் முன்னும், நீதிமன்றத்தின் முன்னும் எமது சங்கத்து எழுதுவினைஞரின் சொல் வெறும் அபிப்பிராயம். தகைமை பெற்றவரின் கையொப்பமோ சான்று. இவ்வேறுபாடு நீதியானதா என்பது வேறு விடயம். அது இருக்கின்றது என்பதை மறந்து நாம் முடிவெடுக்க முடியாது.

அதே கையொப்பம் விலைபோகவும் கூடும் என்பதையும் மறைக்கலாகாது. கணக்காய்வாளனுக்குக் கூலி கொடுப்பது அவனால் ஆராயப்படும் கம்பனியே. 2001இல் அமெரிக்காவில் என்ரோன் கம்பனி சரிந்தபோதும், 2009 ஜனவரியில் ஐதராபாத்தின் சத்தியம் கம்பனியில் ஐயாயிரம் கோடி ரூபாவுக்கு மேற்பட்ட இல்லாத பணம் ஏட்டில் இருந்தமை வெளிவந்தபோதும், அக்கணக்குகளின் அடியிற் பெயர்பெற்ற நிறுவனங்களின் கையொப்பம் இருந்தது. ஆகவே, பட்டயம் தானாகவே மனிதனை நேர்மையாளனாக்கிவிடும் என்று நம்புவது பேதைமை. அதனாற் பட்டயமே வேண்டாம் என்று ஒதுங்குவதும் அந்தக் கையொப்பத்தைப் பணம் படைத்தோரிடமே முற்றாக ஒப்படைத்துவிடுவதாகும்.

சென்னையின் ஆர். சிவபோகத்தின் வாழ்க்கை இதற்குத் தக்க விடை. சட்டமறுப்பு இயக்கத்தில் ஈடுபட்டுச் சிறை சென்ற இளம் பெண் அவர். அதன்பின் கணக்கியலைக் கற்று, 1933இல் அத்தகைமையைப் பெற்ற இந்தியாவின் முதற் பெண்மணியானார். சிறை சென்றவர்கள் கணக்காளராகப் பதிவு பெற முடியாதென்ற தடை குறுக்கே நின்றது. அவர் பின்வாங்கவில்லை, வழக்காடினார், 1937இற் சுயமாகத் தொழில் தொடங்கினார். 1950களில் இந்தியக் கணக்காளர் நிறுவகத்தின் தென்னிந்தியக் கிளைக்குத் தலைமையும் தாங்கினார். இதில் எம்மைக் கவர்வது ஒரு நுட்பம். போராட்டக்காரியின் கையிற் கணக்காளரின் கையொப்பம் சேர்வதைத் தடுக்க அன்றைய ஆட்சிக்கு ஒரு விதி தேவைப்பட்டது. அக்கையொப்பத்தின் வலிமையை ஆள்வோர் நன்கறிந்திருந்தனர். நாம் அறியாதிருக்கலாமா?

இவற்றையெல்லாம் நிறுத்துப் பார்த்து, பரீட்சைகளுக்கு இப்போதே முற்படுவதென்று நாம் தீர்மானித்தோம். கொழும்புக்கு உடனே ஓடுவதன்று எமது திட்டம். 1987இல் அமைக்கப்பட்ட இலங்கைக் கணக்கீட்டுத் தொழினுட்பவியலாளர் கழகத்தின் பரீட்சைகளைத் தமிழிலேயே எழுதலாம். அவற்றை முடித்தோர் பட்டயப் படிப்பினுட் புகவும் வழியுண்டு. முதற்கட்டத்தைச் சங்கத்தின் வேலையோடு சேர்த்தே முடிப்பது. ஆங்கிலத்தை அதற்கிடையிற் பலப்படுத்துவது. பின்னர் பயிற்சிக்குப் போவது. தாமதிப்பதனால் எமக்கு வரும் அறிவைவிட, எம்மேல் ஏறும் சுமையே அதிகம் என்பதில் அந்தப் பெரியவர் சொன்னது முற்றிலும் சரி. அவர் காட்டிய முடிவிடத்தை மட்டும் நாம் ஏற்கவில்லை. அம்மாவிடம் இதைச் சொன்னபோது நெடுநேரம் பேசாதிருந்து, "படிச்சுப்போட்டு வாருமன். ஆனால் வாரும்" என்றார்.

இத்தீர்மானத்தைத் தனிமனித வீரமாகக் காட்ட எமக்கு விருப்பமில்லை. கொழும்பில் மூன்றாண்டுகள் தங்கக்கூடிய பிள்ளைக்கு மட்டுமே திறக்கும் கதவு, திறந்த கதவாகாது. யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அறிவியல் நகரிலே பல்கலைக்கழக பீடங்கள் இயங்குகின்றன. வடக்கிற் போதிய பயிற்சி இடங்களும், வாழக்கூடிய படிப்பணமும், மேல்நிலைப் பாடங்களுக்குத் தமிழ் நூல்களும் ஏன் கிட்டலாகாது? 1911இன் கடன் சங்கச் சட்டத்தோடு இந்நாட்டில் வேர்கொண்ட கூட்டுறவு இயக்கம், தனது அங்கத்தவர்களின் பிள்ளைகளைக் கணக்காளராக்கும் நிதியொன்றை ஏன் தானே திரட்டலாகாது? இவை தனித்தனியே நின்று கேட்கும் கேள்விகளல்ல. சேர்ந்து நின்று வற்புறுத்த வேண்டிய கோரிக்கைகள்.

ஆசிரிய நண்பர்களுக்கும் ஒரு விண்ணப்பம். கணக்கீட்டுப் பாடத்தில் கற்பனை வியாபாரியின் கொள்முதலையும் விற்பனையையும் பதியக் கற்பிக்கும்போது, ஒருநாள் ஒரு நுண்கடன் அட்டையையும் கரும்பலகையில் எழுதுங்கள். அவ்வட்டியைக் கணித்துப் பார்க்கும் மாணவி அன்று மாலையே தன் தாய்க்குக் கணக்காய்வாளர் ஆவாள். கையொப்பமிடும் உரிமை அவளுக்குப் பின்னர் வரலாம். யாருக்காகக் கையொப்பமிட வேண்டும் என்ற அறிவு அந்த வகுப்பறையிலே தொடங்கட்டும்.