நோர்வூட் மலைச்சரிவின் கான்கள்

நுவரெலியா மாவட்டத்தின் நோர்வூட் நகரம், பொகவந்தலாவைப் பக்கமிருந்து இறங்கிவரும் கெசல்கமுவ ஓயாவின் கரையில், காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குச் சற்று மேலே அமைந்திருக்கிறது. சுற்றியுள்ள தேயிலைச் சரிவுகளில் விழும் மழை எந்த வேகத்தில், எவற்றைச் சுமந்துகொண்டு கீழே வருகிறது என்பதைப் பொறுத்தே நகருக்கு வெள்ளம் வருவதும் நீர்த்தேக்கம் கலங்குவதும் அமைகின்றன. சமவெளி நகரங்கள் குழாயும் கொங்கிரீட்டும் கொண்டு செய்யும் மழைநீர் முகாமைத்துவத்தை இங்கே மலைமேல் செய்துவருபவர் மம்பட்டி பிடித்த தோட்டத் தொழிலாளியே.

தோட்டங்களில் ‘கான்’ எனப்படுவது, சரிவின் குறுக்கே, ஏறத்தாழ 120 அடி ஓட்டத்துக்கு ஓரடி இறக்கம் மட்டும் இருக்குமாறு வெட்டப்படும் வடிகால் ஆகும். அதன் அடியில் இடைவிட்டு இடைவிட்டு, விளிம்பைவிடத் தாழ்ந்த மண் தடுப்புகள் வெட்டப்படாமல் விடப்படுகின்றன. வழிந்துவரும் நீர் ஒவ்வொரு தடுப்பின் முன்னும் சற்றே தேங்கி, மண்ணைக் குழியில் இறக்கிவிட்டு, தெளிந்த பகுதி மட்டும் தடுப்பைத் தாண்டி அடுத்த குழிக்கும், இறுதியில் கல்லோ புல்லோ பதித்த பெரிய கானின் வழியே ஓடைக்கும் செல்கிறது. இவ்வேலையின் நுட்பம் வெட்டுவதைக் காட்டிலும் வெட்டாமல் விடுவதிலேயே உள்ளது. கைதேர்ந்த தொழிலாளி குழியில் படிந்த வண்டலை மட்டும் வாரித் தேயிலைச் செடிகளின் அடியில் பரப்பிவிட்டுத் தடுப்பைத் தொடாமல் நகர்வார். கொந்தரப்பு வேலையின் அவசரத்தில் அடிமட்டம் முழுவதும் சமமாக வழித்தெடுக்கப்பட்டால், மண்ணைப் பிடிக்க வேண்டிய கானே மண்ணை விரைந்து இறக்கும் வாய்க்காலாகிவிடும்.

இந்த மண் தனியே போவதில்லை. துகள்களில் ஒட்டிய பொசுபேற்றும் நீரில் கரைந்த நைதரசனும் உடன்சென்று, தேங்கிய நீரில் பாசி பெருக வழிசெய்கின்றன. வண்டலோ நீர்த்தேக்கத்தின் கொள்ளளவைக் குறைக்கிறது. 1965 முதல் விமலசுரேந்திர மின்நிலையத்துக்கு நீர் வழங்கிவரும் காசல்ரீக்குக் கீழே, கெசல்கமுவ ஓயா மஸ்கெலியா ஓயாவுடன் கூடிக் களனி கங்கையாகிறது; கொழும்பு குடிக்கும் நீரில் பெரும்பகுதி, அம்பத்தலேயில் சுத்திகரிக்கப்படும் அந்த ஆற்றின் நீரே.

1947 ஆகஸ்டில் மலையகத்தைத் தாக்கிய வெள்ளமும் மண்சரிவும் உந்தியதன் விளைவாக 1951இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அத்தகைய சட்டம் பயன்தருவது பருவந்தோறும் கான் துப்புரவாக்கப்படும் போதுதான். கொழுந்து உடனடி வருமானமாகக் கணக்கில் ஏறுவதாலும் கான் வெட்டு வெறும் செலவாகவே எழுதப்படுவதாலும், ஆட்கள் குறையும் தோட்டங்களில் முதலில் தள்ளிப்போடப்படுவது இவ்வேலையே.

நகரின் வடிகாலுக்கும் லயத்து முற்றத்துக் கானுக்கும் தோட்டத்து மலைக்கானுக்கும் நீர் ஒன்றுதான் என்றாலும் பொறுப்பாளர் வேறு வேறு. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபைகள் சேவை வழங்குவதில் நீண்டகாலம் தடை இருந்தது. அத்தடையை நீக்க 2018இல் சட்டம் திருத்தப்பட்டது. அதே ஆண்டில், அம்பகமுவ பிரதேச சபை பிரிக்கப்பட்டு நோர்வூட்டுக்கெனத் தனிப் பிரதேச சபையும் வந்தது. ஆகவே, தென்மேற்குப் பருவமழை தொடங்கும் மே மாதத்துக்கு முன்னரே, சபையும் தோட்ட நிருவாகங்களும் கூடி உச்சிக் கானிலிருந்து ஓயாக்கரை வரை ஒரே வேலைத்திட்டம் வகுக்க வேண்டும். கான் வெட்டுவோரை அக்கூட்டத்துக்கு அழைத்து, எந்தத் தடுப்பு எங்கே உடைந்திருக்கிறது என்று அவர்களிடமே முதலில் கேட்க வேண்டும்.