ஹூடி போட்ட ராப்பரும் சாமைக் காட்டுப் பாட்டியும்!

ஜவ்வாதுமலைக்கு வர்ற காலேஜ் கூட்டத்தை மூணு ரகமா பிரிச்சிடலாம். பீமன் அருவியில குளிக்க வர்றவங்க ஒரு ரகம். காவலூர் டெலஸ்கோப்பைப் பார்க்க வர்றவங்க ரெண்டாவது. தோள்ல ட்ரைபாட், கழுத்துல கேமரா, கூடவே "மச்சி, வெளிச்சம் போறதுக்குள்ள ஒரே ஒரு ஷாட்டுடா!"ன்னு அலறுற ஒரு டைரக்டர்... இது மூணாவது ரகம். விஸ்காம் பசங்க!

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு ஒரு ஆல்பம் பாட்டு எடுக்கக் கிளம்பின அப்படி ஒரு டீமோட ரெண்டு நாள் மலையில சுத்தினேன். மொத்தம் ஏழு பேர். காலேஜ் பேர் வேண்டாம், இன்னும் மார்க் ஷீட் கைக்கு வரலையாம்! பாட்டு மட்டும் எடுத்தா போதாது பாஸ். ஃபர்ஸ்ட் லுக் போஸ்டர், மோஷன் போஸ்டர், டீஸர், யூட்யூப் தம்ப்நெயில்னு மொத்தப் பேக்கேஜும் கொடுக்கணும். பாட்டை விட போஸ்டருக்குத்தான் டீமுக்குள்ள அடிதடி.

வாணியம்பாடியில இறங்கி, ஆலங்காயம் வழியா காவலூர், அங்கேயிருந்து ஜமுனாமரத்தூர். இதுதான் எங்க ரூட். போளூர்ல இருந்தும் மலைப்பாதை உண்டு. ஊட்டி, கொடைக்கானல் மாதிரி ஸ்வெட்டர் கடை, சாக்லேட் கடை எதுவும் இங்கே எதிர்பார்க்காதீங்க. புளியமரம், பலாமரம், சாமைக் காடு, நடுவுல திடீர்னு ஒரு ஓட்டு வீடு. வளைவுக்கு வளைவு வண்டி குலுங்க, பின் சீட்ல போஸ்டர் சண்டை ஆரம்பம்!

ஏன்னா போஸ்டருக்குன்னு எழுதப்படாத சட்டம் இருக்கு. ராப்பா? கீழேயிருந்து கேமரா, தலையை மறைக்கிற ஹூடி, பின்னாடி கறுப்புச் சுவர், கோடாலியால வெட்டின மாதிரி எழுத்து. லவ் பாட்டா? ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதுல மாட்டின ஜோடி, ஆரஞ்சும் நீலமுமா வானம், வளைஞ்சு நெளியுற எழுத்து. சூப் சாங்குக்குத் தாடியும் மழை ஜன்னலும் கம்பல்சரி. கானான்னா கலர் கலரா தூக்கியடிக்கணும். "இதெல்லாம் அரைச்ச மாவுடா, உடைக்கணும்"னார் டைரக்டர். "உடைச்சா எவன் கிளிக் பண்ணுவான்?"னு கேட்டாங்க எடிட்டர் பொண்ணு.

எடிட்டர் கட்சியை லேசா ஒதுக்கிட முடியாது. தம்ப்நெயில் நம்ம கட்டைவிரல் சைஸ்தான் இருக்கு. அந்தத் துக்கடா இடத்துக்குள்ள 'இது உன் டேஸ்ட்டு பாட்டுதான், வா'ன்னு சொல்லியாகணும். கேசட் காலத்துல அட்டைப்படம் செஞ்ச அதே வேலைதான். 2011 நவம்பர்ல 'கொலவெறி' வந்தப்ப அதுல ஃபாரின் லொக்கேஷன் இல்லை, நூறு டான்ஸர் இல்லை. ரெக்கார்டிங் ஸ்டுடியோ, மைக், ஹெட்போன், சிரிப்பு, அவ்வளவுதான். அது சினிமாப் பாட்டு ப்ரோமோவோட சட்டத்தையே உடைச்சுது. அப்புறம் என்ன ஆச்சு? வர்ற லிரிக் வீடியோ எல்லாத்துலயும் இசையமைப்பாளர் ஹெட்போன் மாட்டித் தலையாட்ட ஆரம்பிச்சிட்டார். உடைச்ச சட்டமே புதுச் சட்டம்!

முதல் நாள் ராத்திரி ராப் போஸ்டர். காவலூர்ல இருக்கிற வைணு பாப்பு வானாய்வகம் சும்மா இடம் இல்லைங்க. 1986-ல திறந்த 2.34 மீட்டர் டெலஸ்கோப் அங்கேதான் இருக்கு. 1988-ல அங்கே கண்டுபிடிச்ச ஒரு குறுங்கோளுக்கு 'ராமானுஜன்'னு நம்ம கணித மேதை பேரை வெச்சாங்க. இந்த மலையைத் தேடி வந்ததுக்குக் காரணமே இருட்டு. அந்த டோமுக்குப் பக்கத்துல போய் நம்ம எல்.இ.டி. பேனலைப் போட்டா எப்படி இருக்கும், யோசிச்சுப் பாருங்க! பசங்க யோசிச்சாங்க. தள்ளி வந்து, ஜமுனாமரத்தூர் பக்கம் ஒரு பாறை மேல ராப்பரை நிக்க வெச்சு, லைட்டே இல்லாம 25 செகண்ட் எக்ஸ்போஷர். அசையாம நிக்கணும். நம்ம ராப்பருக்கு அசையாம நிக்கிறது மட்டும் வராது! ஒன்பதாவது டேக்குல ஓகே ஆச்சு. முகம் தெரியலை, ஆள் எறும்பு சைஸ், தலைக்கு மேல கோடி நட்சத்திரம். ராப் போஸ்டர்ல கறுப்பு இருக்கு, ஆனா 'நான்தான் பெரிய ஆளு'ங்கிற பந்தா இல்லை. டைரக்டருக்கு ஜாலி. ராப்பருக்குத்தான் வருத்தம்... "மூஞ்சியே தெரியலையேடா, ஊர்ல அம்மாகிட்ட எப்படிக் காட்டுறது?"

மறுநாள்தான் மேட்டர் சீரியஸ் ஆச்சு. பாட்டோட ரெண்டாவது பாதி 'ட்ரைபல் ஃப்யூஷன்'. அதுக்காக ஆர்ட் டைரக்டர் ஒரு பையைத் திறந்தார். இலை தழை, கோழி இறகு, முகத்துல பூச வெள்ளைப் பெயின்ட். லொக்கேஷன் காட்ட வந்திருந்தவர் அந்த ஊர்ப் பையன், திருவண்ணாமலையில டிகிரி படிக்கிறவர். பையையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது யாருக்குங்கண்ணா?"

"ட்ரைபல் கெட்டப் தம்பி. உங்க மலை ஆளுங்கதான்."

"எங்க ஊர்ல இப்படி யாருமே இல்லீங்களே. எங்க தாத்தா வேட்டிதான் கட்டுவாரு."

அவர் போட்டிருந்தது ஜீன்ஸ். யாரும் எதுவும் பேசலை.

இந்த மலையில பெரும்பான்மையா வாழுறவங்க மலையாளிப் பழங்குடி மக்கள். பேரைப் பார்த்துக் கேரளாவான்னு கேட்காதீங்க. மலையை ஆளுறவங்க, அதான் மலையாளி. பேசுறது தமிழ். காஞ்சிபுரம் பக்கமிருந்து முன்னோர்கள் மலையேறினதா அவங்களே கதை சொல்வாங்க. சாமை விதைக்கிறாங்க, தேன் எடுக்கிறாங்க, பஸ் இல்லாத ஊர்ல இருந்து நடந்து ஸ்கூலுக்குப் போறாங்க. இதே மலையில புலியூரைச் சேர்ந்த ஸ்ரீபதி, பிரசவம் முடிஞ்ச கையோட போய்ப் பரீட்சை எழுதி, 23 வயசுல சிவில் நீதிபதியா தேர்வானது 2024 பிப்ரவரியில பெரிய செய்தி. இலைப் பாவாடையும் 'ஜிங்கு ஜிக்கா'வும் பழைய சினிமா செட்ல பிறந்தது. அது அப்படியே போஸ்டருக்கு வந்து, இன்னிக்கு ஃபில்டர் வரைக்கும் வந்து உட்கார்ந்திருக்கு. ஹூடியும் ஒரு வேஷம்தானேன்னு கேட்கலாம். ஹூடியை ராப்பர் தானே எடுத்து மாட்டிக்கிறார். இலைப் பாவாடையை அடுத்தவங்க மேல நாம மாட்டுறோம்.

இலை இல்லாமலும் முடியும்கிறதுக்குப் பக்கத்துலயே உதாரணம் இருக்கு. 2020-ல வந்த மலையாளப் படம் 'அய்யப்பனும் கோஷியும்'. அதுல பாடின அட்டப்பாடி இருளர் பழங்குடிப் பாட்டி நஞ்சியம்மா ப்ரோமோவுல எந்த வேஷமும் இல்லாமத்தான் வந்தாங்க. அந்த முகமும் குரலும் போதுமா இருந்துச்சு. 2022-ல அந்தப் பாட்டுக்கு அவங்களுக்குத் தேசிய விருது!

பை மூடியாச்சு. இப்ப என்ன எடுக்கிறது? அந்தப் பையனே ஐடியா கொடுத்தார். "எங்க பாட்டி களை எடுக்கிறப்ப ஒண்ணு பாடும். வேணா கேட்டுப் பாருங்க."

கேட்டோம். கதிர் முத்தி நின்ன சாமைக் காட்டு வரப்புல உட்கார்ந்து, வெத்திலையைத் துப்பிட்டு, பாட்டி பாடினாங்க. ரெண்டே வரி ராகம், திரும்பத் திரும்ப. மியூசிக் பையன் போன்லயே ரெக்கார்ட் பண்ணினார். கண்ணு கலங்கிடுச்சு அவருக்கு. அன்னிக்கு ராத்திரியே லேப்டாப்ல கோரஸை மாத்திட்டார்.

அப்புறம்தான் அசல் சண்டை. போஸ்டர் டெம்ப்ளேட்ல பாடியவர், இசை, வரிகள், இயக்கம்னு நாலு கட்டம். பாட்டிக்குக் கட்டம் இல்லை! "கடைசியில நன்றின்னு போட்டுடலாம்"னார் ஒருத்தர். எடிட்டர் பொண்ணு பொரிஞ்சு தள்ளிட்டாங்க. "2021 ஞாபகம் இருக்காடா?"

ஞாபகம் இருக்கணும். 'எஞ்சாயி எஞ்சாமி' அந்த வருஷம் மார்ச்ல வந்து உலகமே ஆடுச்சு. தன்னோட பாட்டி வழியா தேயிலைத் தோட்டத்துல உழைச்ச மூதாதையர் கதையை எழுதிப் பாடினவர் அறிவு. ஆனா ஆகஸ்ட்ல வந்த 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' அட்டையில தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தாங்க, அறிவு இல்லை. டி.ஜே. ஸ்நேக் ரீமிக்ஸுக்காக நியூயார்க் டைம்ஸ் ஸ்கொயர்ல வெச்ச விளம்பரப் பலகையிலயும் அவர் இல்லை. இயக்குநர் பா.இரஞ்சித் வெளிப்படையா கேள்வி கேட்டார், பெரிய விவாதம் ஆச்சு. அப்புறம்தான் அந்தப் பத்திரிகையோட டிஜிட்டல் அட்டையில அறிவு வந்தார். எந்த ஃபான்ட், எந்தக் கலர்னு நாம மண்டையை உடைச்சுக்கிறோம். போஸ்டர்ல யார் இருக்காங்க, யார் இல்லைங்கிறதுதான் அதைவிடப் பெரிய டிசைன்.

பாட்டிகிட்டயே போய்க் கேட்டாங்க. "எம் பேரு எதுக்கு சாமி? எங்க அம்மா பாடினது, அவங்களுக்கு அவங்க அம்மா. ஊரு பேரைப் போடு"ன்னாங்க. கடைசியில ரெண்டையும் போட்டாச்சு, 'பாடியவர்' கட்டத்துக்குள்ளேயே, ராப்பர் பேருக்கு மேல. பேர் என்னன்னு கேட்காதீங்க. போஸ்டர்ல இருக்கட்டும்.

ஃபைனல் போஸ்டர் இப்படி. சாமைக் காட்டு வரப்புல ஹூடி ராப்பரும், நைலக்ஸ் சேலைப் பாட்டியும் பக்கத்துல பக்கத்துல, ரெண்டு பேரும் ஒரே சைஸ். பனிமூட்டம் இல்லை, ஸ்மோக் பாம் இல்லை, உச்சி வெயில். எழுத்து மட்டும் அதே கோடாலி வெட்டு ராப் எழுத்து. என்னைக் கேட்டா அந்த எழுத்தை விட்டதுதான் புத்திசாலித்தனம். ராப் கேட்கிறவன் எழுத்தைப் பார்த்து உள்ளே வருவான், வந்த பிறகு பாட்டியைப் பார்ப்பான். நட்சத்திர போஸ்டர் டீஸருக்குப் போயிடுச்சு.

ரிவ்யூவுல ஒரு சார் "நல்லாருக்கு, ஆனா பாப் மாதிரி தெரியலையே, டாக்குமென்டரி மாதிரி இருக்கே"ன்னாராம். இன்னொரு மேடம் பாட்டியைப் பத்தியே பத்து நிமிஷம் கேட்டாங்களாம். மார்க் எப்படின்னு யாருக்கும் தெரியலை.

நீங்களும் கேமராவைத் தூக்கிட்டுக் கிளம்புறதா இருந்தா, காட்டுக்குள்ள ஷூட் பண்ண வனத்துறை அனுமதி வாங்கிக்கோங்க, ட்ரோன் ஆசையையும் அவங்ககிட்டயே முதல்ல சொல்லிடுங்க. சாமைச் சோறு கிடைச்சா விடாதீங்க.

போஸ்டர் பிரின்ட் ஒண்ணை அந்தப் பையன் ஊருக்கு எடுத்துட்டுப் போய் டீக்கடையில ஒட்டினாராம். முதல் நாளே பஞ்சாயத்து! 'ஜவ்வாதுமலை'ன்னு போட்டது தப்பு, 'ஜவ்வாது'வா 'ஜவாதி'யான்னு ரெண்டு கோஷ்டி. பாட்டி எட்டிப் பார்த்துட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்களாம்... "அந்தப் புள்ள ஏன் இந்த வெயில்ல முக்காடு போட்டுக்கினு இருக்குது?"